துக்கடா ஒதுங்கி நின்ற நாள்

கடலடியில் முள்பந்து போலக் கிடக்கும் கடல் முள்ளெலி ஒன்றின் கருவில், ஒரே செல்லுக்குள் இரண்டு ஆர்.என்.ஏ.க்கள் குடியிருந்தன. ஆயிரம் எழுத்து நீளமுள்ளவர் நெட்டையர். இருபத்திரண்டே எழுத்துள்ளது துக்கடா. "நரம்பு செய்! நரம்பு செய்!" என்று செல்லுக்குக் கட்டளை படிப்பது நெட்டையரின் வேலை. ஆனால் அது சுண்ணாம்பு எலும்பு கட்ட வேண்டிய செல். எலும்பு கட்டினால்தான் கருவிலிருந்து வளரும் குஞ்சுக்கு நீந்தும் கை நீளும். நெட்டையரின் வாலைக் கவ்வி அவர் வாயை மூட வைக்கத்தான் துக்கடா பிறந்திருந்தது.

துக்கடா வாலருகே போனது.

"யாருடா இது, கிழிச்சுப் போட்ட துணுக்கு? நீயா என் வாயை அடைக்கப் போறே? போய் இன்னும் நாலெழுத்து வளர்ந்துட்டு வா!" என்று செல்லே அதிரும்படி சிரித்தார் நெட்டையர்.

துக்கடா கூனிக்குறுகிப் போனது. "தெரியாம வந்துட்டேன் அண்ணே" என்று சொல்லி ஓரமாக ஒதுங்கிக்கொண்டது.

நெட்டையர் ஓயாமல் படித்தார். பக்கத்துச் செல்களெல்லாம் எலும்பு கட்டத் தொடங்கின. இந்தச் செல் மட்டும் எதைச் செய்வதென்று தெரியாமல் விழித்தது.

குஞ்சு நீந்தப் புறப்பட்டது. அதன் ஒரு கை குட்டையாக இருந்தது. நேராகப் போக முடியாமல் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது.

நெட்டையரின் சுருதி இறங்கிவிட்டது. "ஏன்டா, நான் ஏதோ கிண்டல் பண்ணினா நீ போயிடுவியா? உனக்கு உன் வேலை தெரியாதா?"

"தெரியும் அண்ணே. தெரிஞ்சேதான் போனேன்" என்றது துக்கடா.

அதற்குமேல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. குஞ்சு சுற்றும்போதெல்லாம் உள்ளே இருவரும் சேர்ந்தே சுற்றினார்கள்.