இருநூறு மீட்டர் தள்ளி

"ஐப்பசி மழையில கூட எங்க வாசப்படி நனையாது சார். அதைப் போய் ஏரிங்கறீங்க?"

சின்னப்பாப்பா மேசைக்கு முன்னால் நின்றபடியே கேட்டாள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள். வேலை பார்த்த மில்லை இழுத்து மூடிய பிறகு துணிக்கடை ஒன்றில் பெருக்கித் துடைக்கிறவள். மூன்று வாரமாக, கடை வேலை முடிந்ததும் நேராக இந்த நில அளவை அலுவலகத்துக்கு வந்துவிடுகிறாள்.

சர்வேயர் சகாயநாதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். ஓய்வுக்கு இன்னும் ஐந்து மாதம். நாற்காலியை விட்டு எழுந்தால் முட்டி வலித்தது; உட்கார்ந்தால் இடுப்பு வலித்தது.

உழவர்கரைப் பக்கம் தூர்ந்துபோன ஏரி ஒன்று. அதற்குள் கட்டிய வீடுகளை இடிக்கச் சொல்லி கோர்ட்டு உத்தரவு வந்திருந்தது. பழைய வரைபடத்தில் இருந்த ஏரியின் எல்லையை, ஒரு ஒப்பந்தக்காரர் அப்படியே செயற்கைக்கோள் படத்தின் மேல் போட்டுக் கொடுத்துவிட்டார். சின்னப்பாப்பாவின் தெரு முழுக்க ஏரிக்குள் விழுந்தது.

"தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சிட்டேன்னு போன வாரமே சொன்னேனேம்மா."

"சொன்னீங்க. பேப்பர்ல எழுதித் தரலியே? திங்கக்கெழம பொக்லைன் வந்துடும் சார். அப்படி என்ன தப்புன்னு தெருவுல கேக்குறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

அவர் பெருமூச்சு விட்டார். "உங்க தெருவுல மாதா கோயில்லேர்ந்து எண்ணினா எட்டாவது வீடு யாருது?"

"கோவிந்தராசு வீடு."

"ரேஷன் கடையிலேர்ந்து எண்ணினா?"

"அது சரிதா வீடு."

"நம்பர் ஒண்ணுதான். எங்கேர்ந்து எண்ணுறோம்ங்கறதுல வீடு மாறிப்போச்சு பாருங்க. மேப்பும் அப்படித்தான். பழைய மேப்பு ஒரு இடத்துலேர்ந்து எண்ணினது. செயற்கைக்கோள் வேற இடத்துலேர்ந்து எண்ணுது. ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுப் போட்டுட்டான்."

"ஏன் சார், படிச்சவங்கதானே? எல்லாரும் ஒரே இடத்துலேர்ந்து எண்ணக் கூடாதா?"

"பூமி சரியான உருண்டை இல்லம்மா. அந்தக் காலத்துல அளந்தவங்க நம்ம நாட்டுத் தரைக்குப் பொருந்தற மாதிரி ஒரு உருண்டையைக் கணக்குல வெச்சுக்கிட்டாங்க. நாட்டுக்கு நடுவுல ஒரு இடத்துலேர்ந்து ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு நாட்டுக்காரனும் அவனவன் தரைக்கு ஏத்தபடி அப்படித்தான் செஞ்சான். செயற்கைக்கோள் மொத்த உலகத்தையும் சுத்துது. அதுக்குப் பூமியோட மையத்துலேர்ந்துதான் கணக்கு. ரெண்டும் தப்பில்ல. ஒண்ணை இன்னொண்ணா மாத்தாம போட்டதுதான் தப்பு."

"மாத்திப் போட்டா?"

"ஏரி வடமேற்கால இருநூறு மீட்டர் தள்ளிப் போயிடும். உங்க தெரு கரைக்கு வெளியே வந்துடும்."

சின்னப்பாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு தெரிஞ்சும் எதுக்கு சார் என்னை மூணு வாரமா அலைய விட்டீங்க?"

சகாயநாதன் இழுப்பறையிலிருந்து திருத்திய வரைபடத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். மூன்று முறை அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார். சனிக்கிழமை விடுமுறையில் கருவியைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய், பழைய வரைபடத்தில் குறித்திருந்த ஏரி மதகுக் கல்லில் நின்று நாள் முழுக்க வெயிலில் அளந்தார். ஒவ்வொரு முறையும் ஏரி அதே இடத்தில்தான் போய் விழுந்தது.

"சார்," பக்கத்து மேசை அருள்பிரகாஷ் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "விட்டுடுங்களேன். மேல இருக்கறவங்க பார்த்துக்கட்டும். இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?"

"அளந்தவன் நான்தானே அருள்?"

திருத்திய வரைபடத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஒரு நகலைச் சின்னப்பாப்பாவிடம் நீட்டினார். "ஒரிஜினல் கோர்ட்டுக்குப் போயிடும். திங்கக்கெழம யாரும் வர மாட்டாங்க. தைரியமாப் போங்க."

அவள் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். முதல் தடவையாக மேசைக்கு முன்னால் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எண்பது குடும்பம் சார். நல்லா இருப்பீங்க," என்று சொல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்தவள், ஏதோ நினைத்துக்கொண்டவளாகத் தலையைத் தூக்கினாள். "ஏரி தள்ளிப் போவுதுன்னீங்களே... அந்தப் பக்கம் வீடுங்க இருக்குதா சார்?"

"இருக்குது. பத்து வீடு."

"ஐயோ பாவம். அவங்களுக்குத் தெரியுமா?"

"இனிமேதான் போய்ச் சொல்லணும். ஒன்பது வீட்டுக்கு."

"பத்துன்னீங்களே?"

"ஒரு வீட்டுல காலையிலேயே சொல்லிட்டேன்மா." சகாயநாதன் மேசையைப் பூட்டிவிட்டு மெல்ல எழுந்தார். "என் சம்சாரம் இன்னும் அழுதுக்கிட்டுதான் இருப்பா."