சால்ட் கோட்டர்ஸின் ஒரே இசைத்தட்டு

"பிரிக்காதன்னா பிரிக்காத!"

"ஏன் டாடி? உங்க ரெக்கார்டுதானே? உங்களுக்குத்தானே ஆசையா வாங்கிட்டு வந்திருக்காரு!"

"என் வீட்ல அது பாட வேணாம். அவ்ளோதான்."

இரண்டாவது மாடியில் அப்பனும் மகளும் கத்தியது அடுத்த பிளாக் வரை கேட்டது. நாங்கள் ஒட்டுக்கேட்கவில்லை. மாடிப்படியில் நிற்க எங்களுக்கும் ஆளுக்கொரு வேலை இருந்தது.

பெரம்பூரில் அவருக்குக் கிடார் அல்போன்ஸ் என்று பெயர். ரேஷன் கடை அல்போன்ஸ் வேறு.

கிடாரும் கையுமாக அவரை யாரும் பார்த்ததில்லை. ரயில்வே ஒர்க்ஷாப்பில் இடதுகை விரல் நசுங்கியதோடு வாசிப்பு போயிற்றாம். அதற்கு முன்னால், சால்ட் கோட்டர்ஸ் என்ற ப்ளூஸ் ராக் குழுவில் கிடார் அவர்தானாம். போட்டது ஒரே ஒரு இசைத்தட்டு. கடைசிப் பிரதியும் மூர் மார்க்கெட் எரிந்தபோது எரிந்துவிட்டதாம்.

விரல் நசுங்கியதை நாங்கள் பார்த்தோம். மற்றதெல்லாம் அவர் சொன்னது.

அவர் மனைவி ரெஜினா நம்பினாள். கீழ்ப்பாக்கத்து வாத்தியார் மாப்பிள்ளையை வேண்டாமென்று அடம்பிடித்து இவரைக் கட்டிக்கொண்டாள்.

நாங்களும் நம்பினோம். தெருவுக்கு இப்படி ஒருத்தர் இருந்தால் நல்லதுதானே.

எல்லாரையும்விட அதிகம் நம்பியவன் வரப்போகிற மருமகன் கிளமென்ட். கல்யாணப் பத்திரிகையில் மாமனார் பெயருக்குக் கீழே 'ரயில்வே, ஓய்வு' என்றிருந்ததை அடித்துவிட்டு, 'கிடார் கலைஞர்' என்று போட்டான்.

அச்சுக்குப் போகும் முன் அவரிடம் காட்டினார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டார்.

பத்திரிகை ஊரெல்லாம் போய்விட்டது. மாதா கோயிலில் முதல் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று ஃபாதர் கேட்டும் ஆயிற்று.

அப்போதுதான் எங்கோ ஒரு வெள்ளைக்காரன், யார் வீட்டுப் பரணிலோ கிடந்த சால்ட் கோட்டர்ஸைக் கண்டெடுத்து மறுபடி வெளியிட்டான். கிளமென்ட் ஒன்றை வரவழைத்தான். மாமா கையால் பிரிக்கட்டும் என்று பாலித்தீன் உறையோடு கொண்டுவந்தான்.

மகள்தான் பிரித்தாள்.

சத்தம் நின்றது.

அட்டையின் பின்பக்கத்தில் நாலு பேர் படம். பிறகு நாங்களும் வாங்கிப் பார்த்தோம். கிடாரோடு நிற்பவன் யாரோ ஒரு சுருட்டை முடிக்காரன். கீழே, பொடி எழுத்தில், டீ கொடுத்தவருக்கு நன்றி சொன்ன வரிக்கு மேலே:

கைதட்டல் – அல்போன்ஸ்.

கிளமென்டுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தட்டைச் சுழலவிட்டான்.

கிடார் படியிறங்கி வந்தது.

அப்படி ஒரு கிடார். ஒன்றும் தெரியாத நாங்களே இரண்டு படி மேலே ஏறினோம்.

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. கதவைச் சாத்தாதது அவர்கள் தப்பு.

மூன்றாவது பாட்டில் கைதட்டல் வந்தது. தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி. ஆனால் விடாமல்.

ரெஜினா சமையலறை வாசலில் ஈரக்கையோடு நின்று பாட்டு முடியும்வரை கேட்டாள்.

"கைதட்டல் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

கேலியா, நிஜமா? இன்றுவரை எங்களுக்குள் இரண்டு கட்சி.

அவர் திரும்பவே இல்லை.

அடுத்த ஞாயிறு ஓலைக்குக் கோயிலில் உட்கார இடமில்லை. யாராவது எழுந்து தடை சொல்வார்கள் என்று கிளமென்ட் வீட்டார் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எவரும் எழவில்லை.

கல்யாணம் நடந்தது. பந்தியில் அந்தப் பத்திரிகையைப் பற்றி யாரும் பேசவில்லை, அவர் காதுபட. பெண்ணும் மாப்பிள்ளையும் புனேவுக்குப் போனார்கள்.

மழைக்காலம் முடிந்ததும் பெரியவர்கள் இருவரும் பட்டாபிராமுக்கு வீடு மாற்றினார்கள். அங்கே அவர்களுக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. அதனால்தான் பட்டாபிராம்.

சாமான் வண்டியில் டிரைவர் பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. ரெஜினா ஏறி, நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் பின்னால் போய், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஏறிக்கொண்டார்.

தெருமுனை திரும்பும்வரை, பக்கத்து இடத்தில் அவள் கைப்பையைக்கூட வைக்கவில்லை.