ஒரு டம்ளர் கல்

“கண்ணை மூடிக்கிட்டு ஒரே மடக்குல குடிச்சிடுங்க. எனக்காக!”

மனைவி இப்படிக் கெஞ்சுவது ஆறாவது தடவை. கணவரோ டம்ளரை மூக்கருகே கொண்டுபோவதும், முகத்தைச் சுளித்துக்கொண்டு கீழே இறக்குவதுமாக இருந்தார். டம்ளருக்குள் சுண்ணாம்பு கரைத்தாற்போல வெள்ளை வெளேரென்று ஏதோ கெட்டியாக இருந்தது.

எக்ஸ்ரே அறை ஜில்லென்றிருந்தது. வெளியே பெஞ்சில் இன்னும் ஏழு பேர் காத்திருந்தார்கள். அவர்களைப் பற்றியெல்லாம் அவளுக்குக் கவலையில்லை. “வயித்துல ஏதோ கட்டி மாதிரி கைக்குத் தட்டுப்படுது. இதைக் குடிக்கவெச்சுப் படம் எடுத்தாத்தான் என்னன்னு சொல்ல முடியும்” என்று டாக்டர் சொன்ன நிமிடத்திலிருந்து அவள் வேண்டாத தெய்வமில்லை. இன்றைக்கு விட்டால் அடுத்த முறை கிடைக்க மூன்று வாரம் ஆகும். அதுவரை அது சும்மா இருக்குமா?

“இது என்னன்னு தெரியுமாம்மா உனக்கு?” என்று எக்ஸ்ரே எடுக்கும் பெண்ணைக் கேட்டார் கணவர்.

“பேரியம் சார். மலையில வெட்டுற கல்லை மாவா அரைச்சு, சுத்தம் பண்ணி அனுப்புறாங்க. நல்ல கனமான கல்லு, எக்ஸ்ரே இதைத் தாண்டிப் போகாது. அதனால உங்க வயித்தோட வளைவு நெளிவெல்லாம் படத்துல பளிச்சுனு விழும்.”

“அந்தக் கல்லு தனியா வராதும்மா. பூமிக்கு அடியிலேருந்து சுடுதண்ணி பாறை வெடிப்புல ஏறி வரும். ஆறும்போது இந்தக் கல்லைப் படியவெச்சிட்டுப் போகும். அதே வெடிப்புலதான் ஈயமும் படியும். ரெண்டும் ஒட்டிப் பிறந்த அண்ணன் தம்பி மாதிரி. ஒழுங்காப் பிரிக்கலைன்னா...”

“எல்லாம் பிரிச்சுத்தான் சார் அனுப்புவாங்க.”

“பிரிச்சாங்களான்னு யார் பார்த்தா?”

அந்தப் பெண் மனைவியைப் பார்த்தாள். “சார் எப்பவுமே இப்படித்தானாம்மா?”

“முப்பது வருஷமா ஆலையில கல்லோட மாரடிக்கிறவராச்சே! சாப்பாட்டுல ஒரு பொடிக்கல்லு கிடந்தாக்கூட வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் அடுத்த வாய் வைப்பார்.”

சொல்லிச் சிரித்தாளே தவிர, சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. கணவர் பக்கம் திரும்பினாள்.

“என் தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்ததுலேருந்து மூணு மாசமா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு படுக்கிறீங்க. கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கலைன்னு நானும் கஷாயமா வெச்சுக் குடுத்தேன். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யார் வாசல்ல போய் நிப்பேன்?”

கணவர் டம்ளரைத் தூக்கினார். சட்டையில் ஒரு வெள்ளைச் சொட்டு விழுந்தது. அதற்குள் அவர் பார்வை மறுபடியும் மேஜை மேலிருந்த பேரியம் டின்னுக்குப் போனது. அதன் மேல் ஒட்டியிருந்த தாளில் ஒரு மலையின் படம்.

“அந்த டின்னு எந்த மாசத்துச் சரக்கு?”

பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு. அந்தப் பெண் விருட்டென்று இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள்.

“சரக்கோட வந்த சான்று சார். படிக்கிறேன், கேட்டுக்குங்க. ‘இந்தச் சரக்கு முழுவதையும் நானே பரிசோதித்தேன். ஈயம் இல்லை. மனிதர் உட்கொள்ளத் தகுந்தது.’ தேதி, கையெழுத்து எல்லாம் இருக்கு. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கிற மனுஷன் உங்களை மாதிரியே அங்கயும் ஒருத்தர் இருப்பார். போதுமா?”

கணவர் தேள் கொட்டின திருடனைப்போல டின்னிலிருந்து சட்டென்று பார்வையை விலக்கினார். மனைவியின் கண்ணில் தளும்பி நின்ற நீரைப் பார்த்தார். பிறகு, வருவது வரட்டும் என்பதுபோலப் பெருமூச்சு விட்டு, டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தப் புண்ணியவான் யாரென்று பார்க்கலாமே என்று தாளை வாங்கினாள்.

முதலில் கண்ணில் பட்டது தேதி. தங்கை மகளின் கல்யாணத் தேதி. தேதியையும் சரக்கு எண்ணையும் யாரோ கோணல்மாணலாக நிரப்பியிருந்தார்கள். அதற்குக் கீழே, வால் நீண்ட ஒரு கையெழுத்து. பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையில் வருஷம் தவறாமல் அவள் பார்த்த அதே கையெழுத்து.

“ஐயோ, குடிச்சிடாதீங்க!”

அவள் தட்டிவிட்ட வேகத்தில் டம்ளர் உருண்டு, தரையெல்லாம் வெள்ளையாகக் கொட்டியது.

கல்யாணத்துக்குக் கிளம்பிய அன்று, ஆலையின் வெற்றுச் சான்றுத் தாள்களை ஒரு கட்டாக மடியில் வைத்துக்கொண்டு தயங்கிய கணவரிடம், “பஸ் போயிடும், எல்லாத்துலயும் கையெழுத்தைப் போட்டு வெச்சிட்டு வாங்க. வெறும் கல்லு மாவுதானே, அதை யார் திங்கப் போறாங்க?” என்று அவசரப்படுத்தியவள் அவளேதான்.