ஜெப உதவி எண்

ஞாயிறு மதியம் சாப்பாட்டைத் தொடாமலே கட்டிலில் சாய்ந்தவர், சர்ச் நோட்டீசில் இருந்த ஜெப உதவி எண்ணுக்கு ஃபோன் போட்டார். பேர் கேட்கமாட்டார்கள், கூப்பிடுகிறவர் நம்பரும் அவர்களுக்குத் தெரியாது என்று அதில் போட்டிருந்தது. தொண்டை கட்டியிருந்ததால் குரலும் காட்டிக்கொடுக்காது.

ஒரு பெண் எடுத்தாள்.

"சொல்லுங்கண்ணா, என்ன பாரம்?"

"ஜெபம் பண்ண முடியலம்மா. வாயில வார்த்தை வருது. உள்ள ஒண்ணுமே இல்ல."

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும்."

"சர்ச்சுக்கு வர்றீங்களா?"

"ஒரு வாரம் விட்டதில்ல."

"பின்னாடி உட்கார்ந்து ஃபோனை நோண்டிக்கிட்டு இருந்தா இப்படித்தாண்ணா ஆகும். முன்னாடி வந்துடுங்க."

"முன்னாடிதாம்மா இருக்கேன்."

"வீட்ல சொன்னீங்களா?"

"சொன்னா பயந்துடுவாங்க."

"கவலைய விடுங்க. எங்க போதகர்கிட்ட சொல்றேன். அவர் ஜெபிச்சா எல்லாம் சரியாயிடும்."

"அவரை எதுக்கும்மா தொந்தரவு பண்ணிக்கிட்டு? பாவம், அவரே களைச்சுப் போயிருப்பாரு."

"அவருக்கெல்லாம் களைப்பே வராதுண்ணா."

பேசி முடித்துக் கண்ணை மூடினார். இரண்டு நிமிஷத்தில் கையிலிருந்த செல்போன் அதிர்ந்தது.

'போதகர் ஐயா, பேர் சொல்லாத ஒருத்தர் ரொம்பச் சோர்ந்து போயிருக்கார். அவருக்காக நீங்கதான் ஜெபிக்கணும்.'

இருபது வருஷப் பழக்கத்தில் விரல் தானாகவே 'கட்டாயம் ஜெபிக்கிறேன்மா' என்று அடித்து அனுப்பிவிட்டது.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. வாக்குக் கொடுத்தாயிற்று.

கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, போதகர் மெதுவாக முழங்காலிட்டார்.