நின்றுபோன வரி

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே சூசைராயன் ஜெபமாலையைத் தொடங்கினார். உள்ளே மகள் பெர்லினுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. இயேசு கற்பித்த ஜெபத்தில் 'உமது ஆட்சி வருக' என்பதுவரை வழக்கம்போல் ஓடிய வாய் அடுத்த வரியில் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் மனைவி செலஸ்தீனா.

"உமது திருவுளம் நிறைவேறுகன்னு எப்படிச் சொல்வேன்? பிள்ளைய எடுத்துக்கிடணும்னு ஆண்டவரு நெனச்சிருந்தா?"

முப்பது வருடமாகத் தினமும் சொன்ன வரி அது. அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பயத்தையே அவருகிட்டச் சொல்லுங்க."

அவர் கண்களை மூடினார். "ஆண்டவரே, பயமாயிருக்கு. அவளத் தந்திரும்." மனப்பாடத்திலிருந்து வராத அவருடைய முதல் ஜெபம் அதுதான். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, நின்றுபோன வரியை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி முடித்தார்.

ஜெபமாலை வழக்கப்படி மீதிப் பாதியைப் பதிலாகச் சொல்ல வேண்டிய செலஸ்தீனா, அதைத் தொடங்காமல் எழுந்துவிட்டாள். தியேட்டர் கதவு திறந்துகொண்டிருந்தது.