சட்டையில் தைத்த எண்

தனிக் கொட்டடியில் அடைக்கப்பட்ட முதல் நாளே, சவரிராயன் தன் சட்டையில் தைத்திருந்த எண்ணை வகுக்கத் தொடங்கிவிட்டார். 1022117. வெளியே இருந்தபோது கணக்கு வாத்தியார். செங்கல் துண்டால் தரையில் எழுதி, தினம் இரண்டு பகா எண்களால் வகுத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் மீதி விழுந்தது. இந்த எண் உடையாதவரை, விசாரணையில் தானும் உடைந்து நண்பர்களின் பெயர்களைச் சொல்லிவிட மாட்டோம் என்று அவர் மனதில் எப்படியோ பதிந்துபோனது.

எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது ஆயிரத்துப் பத்து வரை பார்த்தால் போதும் என்பது அவருக்குத் தெரியும். நூற்று அறுபத்தெட்டு எண்கள் முடிந்து, ஆயிரத்தொன்பது மட்டும் பாக்கி இருந்தபோது கை ஓடவில்லை. இரண்டு நாள் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். மூன்றாம் நாள் காலை உட்கார்ந்து வகுத்தார். ஆயிரத்துப் பதின்மூன்று தடவை போனது. மீதியே இல்லை.

மத்தியானம் தட்டை எடுக்க வந்த காவலர் பெருமாள்சாமி, கஞ்சி அப்படியே ஆறிக் கிடப்பதைப் பார்த்தார்.

"என்ன வாத்தியாரே, சாப்பிடலையா?"

"உடைஞ்சு போச்சுங்க."

"எது?"

சவரிராயன் தரையைக் காட்டினார். "என் நம்பரு. ரெண்டு துண்டாயிடுச்சு. அந்த ரெண்டையும் இனிமே யாராலயும் உடைக்க முடியாது."

காவலர் கம்பிக்கு வெளியே குந்தி அந்தக் கணக்கை வெகுநேரம் பார்த்தார். போக எழுந்தவர் போகவில்லை. இருபக்கமும் பார்த்துவிட்டு, நெஞ்சில் குத்தியிருந்த எண் வில்லையைக் கம்பியருகே கொண்டுவந்தார்.

"என்னுதையும் பாருங்க," என்றார் மெல்ல. "ஆனா, உடைஞ்சா எங்கிட்ட சொல்லிராதீங்க."