கடைசிச் சக்கரம்

மஞ்சள் உறைகளின் கூடை மட்டும் ஏன் நிரம்பி வழிகிறது என்று மூத்தவளுக்குப் புரியவில்லை. ஊனமுற்ற குழந்தைகளின் சக்கர நாற்காலிகளுக்கு நன்கொடை கேட்டு, ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரே வீட்டு மருமகள்கள் இருவரும் ஆளுக்கொரு கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். பணத்தோடு திரும்பும் உறைகளில் நீலம் இவளுடையது, மஞ்சள் இவள் கொழுந்தன் மனைவியுடையது. அதிக உறைகளை வரவழைத்து ஜெயிப்பவள்தான் இனி எல்லாக் கடிதங்களையும் எழுதுவாள். சன்னல் வெயில்கூட மஞ்சள் கூடையின் மேலேயே போய் விழுகிறது.

"அக்கா, என் கூடை பத்தல. உங்களோடதுல எடம் இருக்கே, வெச்சுக்கவா?"

"வெச்சுக்கோ. வீட்ல என் அலமாரியவும் அப்படித்தானே புடிச்சே!"

இளையவள் சிரித்தபடி தேநீர் எடுக்கப் போகிறாள். மூத்தவளின் கை, மேசையில் கிடக்கும் இளையவளின் கடித நகலை இழுக்கிறது. வயிறு எரிய எரியப் படிக்கிறாள். இவள் கடிதம், நாலாயிரம் குழந்தைகள் தவிக்கிறார்கள் என்று தொடங்கும். இதிலோ ஒரே ஒரு நாற்காலி. சட்டம் பொருத்தியாயிற்று, இருக்கை தைத்தாயிற்று, பிரேக்கும் மாட்டியாயிற்று. ஒரு சக்கரம்தான் பாக்கி. கீழே பட்டறையில் எடுத்த படம், ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிற நாற்காலி. இவள் கட்டைவிரல் தன்னையறியாமல் சக்கரம் இல்லாத இடத்தை மூடுகிறது. விரலை எடுக்க மனம் வரவில்லை.

கள்ளி, கெட்டிக்காரி.

நாலாயிரம் என்றால், தான் கொடுப்பது எந்த மூலைக்கு என்று ஆள் ஒதுங்கிவிடுகிறான். முக்கால்வாசி முடிந்த வேலையைக் காட்டினால், மிச்சத்தை முடித்துவைக்கக் கை தானாக நீள்கிறது.